உறுமி ஏறிய இசைத்தட்டு: ‘கலா’ பிறந்த கதை

2007 ஆகஸ்டில் லண்டனின் எக்ஸ்.எல். நிறுவனம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. பன்னிரண்டு பாடல்கள். பெயர் ‘கலா’. பாடியவர் எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாயா. முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். அந்த ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு என்று அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் அதற்கு முதலிடம் கொடுத்தது. மின்னணு இசை, பரிசோதனை இசை, நடன இசை என்று பல பெயர்களில் அதை வகைப்படுத்தினார்கள். எந்த வகையிலும் அது முழுதாக அடங்கவில்லை.

மதுரை வில்லாபுரத்தில் வளர்ந்த காது அதைக் கேட்டால் முதல் மூன்று பாட்டுக்குள் மூன்று முறை நிமிர்ந்து உட்காரும். முதல் பாட்டான ‘பாம்பூ பாங்கா’வில் ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ கேட்கிறது. இரண்டாவதான ‘பேர்ட் ஃப்ளூ’வில் ‘ஜெயம்’ படத்தின் ‘திருவிழான்னு வந்தா’ பாட்டின் துண்டு ஓடுகிறது. மூன்றாவதான ‘பாய்ஸ்’ தொடங்கினால் உறுமி. வில்லாபுரத்தைத் தாண்டினால் அவனியாபுரம். தை முதல் நாள் அங்கே ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் திறக்கும். இந்தப் பக்கம் முளைப்பாரி எடுத்தாலும், கோயில் கொடை என்றாலும், தேர் நகர்ந்தாலும் உறுமிதான் முன்னால் போகும். அந்தச் சத்தம் லண்டன் முத்திரையோடு ஒரு மின்னணு இசைத்தட்டில் எப்படி வந்து உட்கார்ந்தது?

சுருக்கமாகச் சொன்னால், ஒரு நாட்டின் வாசல் அடைபட்டதால் வந்தது. ஆனால் அந்த வாசல் அடைபட்டபோது போவதற்கு வேறு வீடு ஒன்று இருந்தது; அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் இந்தத் தட்டு இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

‘கலா’வின் கதையை அதற்கு முந்தைய தட்டிலிருந்து தொடங்க வேண்டும். மாயா 1975-இல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போது குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. தந்தை அருள்பிரகாசம் ஈழப் புரட்சி அமைப்பான ஈரோஸை உருவாக்கியவர்களில் ஒருவர்; ‘அருளர்’ என்பது இயக்கத்தில் அவர் பெயர். அவர் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. போர் நெருங்கியபோது தாய் கலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னை வந்தார். சிதைந்த ஒரு வீட்டில் குடியிருந்தார்கள். மறுபடி யாழ்ப்பாணம். பிறகு 1986-இல், மாயாவுக்குப் பதினொரு வயது நிறையும் தறுவாயில், அகதிகளாக லண்டன். தென் லண்டனில் மிச்சம் பகுதியின் அரசுக் குடியிருப்பில் வாழ்க்கை தொடங்கியது. தாய் தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

மாயா படித்தது இசை இல்லை. லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படமும் நுண்கலையும் படித்தார். எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மன் தோழியானார். அந்தக் குழுவின் தட்டுக்கு உறை வடிவமைத்த மாயா, அவர்களின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கவும் உடன் போனார். அதே மேடைகளில் முன்னதாகப் பாடியவர் பீச்சஸ் என்ற கனடாப் பெண். துணைக்குக் குழு இல்லாமல் தனியாக நின்று ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு முழு நிகழ்ச்சியும் நடத்தினார். ரோலண்ட் நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த எம்.சி.-505 என்ற கருவி அது. தாள ஒலிகளும் சிந்தசைசர் ஒலிகளும் அவற்றை வரிசையாக அடுக்கும் சீக்வென்சரும் ஒரே பெட்டியில் இருக்கும். குழு வேண்டாம், பெரிய ஸ்டூடியோ வேண்டாம், ஸ்வரம் எழுதத் தெரிய வேண்டாம். நீயும் செய்து பார் என்று பீச்சஸ் தூண்ட, லண்டன் திரும்பிய மாயா ஃபிரிஷ்மனிடம் 505-ஐ இரவல் வாங்கினார். படுக்கையறையில் உட்கார்ந்து தாளம் போட்டார். அதன்மேல் பேசுவதும் பாடுவதுமாகக் குரலைப் பதிந்தார். அப்படி வந்த முதல் பாட்டுகளில் ஒன்று ‘கலாங்’. 2003-இல் ஒரு சின்ன நிறுவனம் அதை 500 பிரதி அச்சிட்டது. நடன அரங்குகளில் அது பரவியதும் எக்ஸ்.எல். நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. 2005 மார்ச்சில் முதல் தொகுப்பு வந்தது. பெயர் ‘அருளர்’. வீட்டில் இல்லாத தந்தையின் இயக்கப் பெயரைத் தட்டின் முகப்பில் வைத்தார் மகள்.

‘அருளர்’ பெட்டிக்குள் பிறந்த இசை. அதன் தாளங்கள் கூர்மையாக, காய்ந்து, சதுரமாக இருக்கும். சீக்வென்சரின் இயல்பே சதுரம்தான். ஒரு ஆவர்த்தனத்தை நான்கு அடியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி நான்காக்கி, பதினாறு கட்டங்கள் வைத்திருக்கும். கட்டத்தில் ஒலி இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம். அப்படி அடுக்கும்போது இரண்டு கட்டத்துக்கு நடுவே தங்க எதற்கும் இடமில்லை. அந்த இறுக்கத்தையே அழகாக்கியது முதல் தொகுப்பு. ஆனால் அதே பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டாவது தட்டும் செய்தால் சொன்னதையே சொன்னதாகிவிடும். புகழ் வந்துவிட்டதால் இப்போது பெரிய கதவுகளைத் தட்டலாம். அமெரிக்காவின் மிகப் பெரிய தாள வித்தகரான டிம்பலாண்டுடன் சேர்ந்து அடுத்த தொகுப்பைச் செய்வது என்று திட்டம் ஆனது. நியூயார்க்கின் புரூக்ளினில் வீடும் பார்த்தாயிற்று.

2006-இல் அமெரிக்கா அவருக்கு விசா மறுத்தது. திட்டம் அங்கேயே நின்றது.

வேலை தேடி வெளிநாடு போக நினைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த மறுப்பு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். மனு திரும்பி வந்த நாளில் வீடே எழவு வீடாகும். மாயா செய்த காரியம்தான் இந்தக் கதையின் திருப்பம். அந்த வாசலில் காத்துக்கொண்டிருக்காமல், போக முடிந்த நாடுகளுக்கெல்லாம் ஒலிப்பதிவுக் கருவியோடு புறப்பட்டார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று தொகுப்பு ஊர் ஊராகப் பிறந்தது. உடன் வேலை செய்தவர்களில் முக்கியமானவர் ஸ்விட்ச் என்ற பெயரில் இயங்கிய லண்டன் இசையமைப்பாளர் டேவ் டெய்லர். இந்தப் பயணத்தின் அஸ்திவாரம் சென்னையில் விழுந்தது.

ஏன் சென்னை? சிறு வயதில் இருந்த ஊர், பேசும் மொழி என்பது ஒரு காரணம். மின்னணு இசையும் தோல் இசையும் ஒரே அறையில் சேர்ந்து உழைத்துப் பழகிய ஊர்களில் உலகத்திலேயே சென்னைக்குத் தனி இடம் உண்டு என்பது இன்னொன்று. ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்துப் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டினார். 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது கம்ப்யூட்டரில் அடுக்கிய தாளமும் கையால் வாசித்த வாத்தியமும் எப்படிக் கலக்கலாம் என்று நாடு முழுக்கத் தெரிந்தது. அதற்கு முன்பே, 1980-களின் நடுவில், இளையராஜாவின் கூடத்தில் சீக்வென்சர் புழக்கத்துக்கு வந்துவிட்டது. இன்னொரு பக்கம், 2000-களில் குத்துப்பாட்டு இல்லாமல் படமே இல்லை என்ற நிலை. பறை, உறுமி, தவில், பம்பை வாசிக்கிறவர்களைக் கால்ஷீட் பேசி வரவழைத்து மைக் முன்னால் நிறுத்துவது ஸ்டூடியோக்களுக்கு அன்றாட வேலை. இவ்வளவு ஓங்கி ஒலிக்கும் கருவிகளை எத்தனை அடி தள்ளி வைத்துப் பதியலாம் என்று அங்கிருந்த சவுண்ட் இன்ஜினியர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். மாயாவுக்கு ரஹ்மான் ஆதர்சம். சென்னையில் அவரைச் சந்தித்தார். அவருடைய ஸ்டூடியோவும் அவர் வழியாகக் கிடைத்த தொடர்புகளும் இந்தத் தொகுப்புக்குப் பயன்பட்டன. பெரிய மேளக் குழு ஒன்று வந்து உட்கார்ந்தது. உறுமி முழங்கியது.

உறுமியைப் பற்றி இங்கே நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தட்டின் எலும்பு அதுதான். நடு ஒடுங்கி இரு முனையும் விரிந்த மரக் கட்டை. இரண்டு பக்கமும் தோல். கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கும். கழுத்திலோ தோளிலோ மாட்டிக்கொள்வார்கள். ஒரு பக்கத்தை மெல்லிய நேர்க்குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத்தை அடிப்பதில்லை, வளைந்த குச்சியைத் தோல்மேல் அழுத்தித் தேய்த்து இழுப்பார்கள். குச்சி தோலைப் பிடிக்கும், உடனே வழுக்கும், மறுபடி பிடிக்கும். வயலின் வில்லுக்கும் கம்பிக்கும் நடுவே நடப்பதும் இதேதான். அந்தப் பிடிப்பும் வழுக்கலும் வினாடிக்குப் பல தடவை நடக்கும்போது அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு நீண்ட உறுமல் எழும். அழுத்தம் கூடினால் ஸ்தாயி ஏறும், தளர்ந்தால் இறங்கும். தாளக் கருவி என்று சொல்கிறோம். ஆனால் அது இழுத்துப் பாடும் கருவியும்கூட. ராஜகம்பளத்தாரின் தேவராட்டத்தில் ஆடுகிறவர்களின் காலை நடத்துவது இது. கோயில் வாசலில் உறுமி ஓங்கினால் சாமி இறங்கும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தைப்பூசக் காவடிக்கு முன்னால் இதே மேளத்தைத் தமிழர்கள் கொண்டுபோய்த் தலைமுறைகளாக வைத்திருக்கிறார்கள்.

மின்னணு இசைக்காரர்கள் பல காலமாகத் தேடிய ஒலி இது. சிந்தசைசரில் ஆழமான பேஸ் ஒலியை ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி ஏற்றுவதற்கென்றே குமிழ்கள் வைத்திருக்கிறார்கள். 1980-களில் வந்த ரோலண்டின் டி.பி.-303 பெட்டியின் வழுக்கும் பேஸ் ஒலியிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்ற ஒரு நடன இசைவகையே பிறந்தது. உறுமியிலோ அந்த வழுக்கல் தோலிலேயே இருக்கிறது, மணிக்கட்டில் இருக்கிறது. பதினாறு கட்டத்துக்குள் அதை அடைக்க முடியாது. ஒரு இழுப்பு மூன்றாம் கட்டத்தில் தொடங்கி ஏழாவதைத் தாண்டி எங்கோ முடியும். அடியும் அப்படித்தான். பத்துப் பேர் சேர்ந்து வாசித்தால் பத்து அடியும் ஒரே நொடியில் விழாது. முடியிழை அளவு முன்னும் பின்னுமாக விழும். அந்தச் சிறு விலகல்கள் சேர்ந்துதான் கூட்டு மேளத்துக்குக் கனம் கொடுக்கின்றன. கம்ப்யூட்டரில் ‘குவாண்டைஸ்’ என்ற வசதி உண்டு. விலகிய அடிகளையெல்லாம் அருகிலிருக்கும் கட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மேளத்தை அப்படி நேராக்கினால் சத்தம் இருக்கும், கூட்டம் போய்விடும்.

‘பேர்ட் ஃப்ளூ’வையும் ‘பாய்ஸ்’ பாட்டையும் கவனமாகக் கேட்டால் அந்தக் கூட்டம் அப்படியே இருப்பது தெரிகிறது. ‘பேர்ட் ஃப்ளூ’வில் கோழிகள் கொக்கரிக்கின்றன, பிள்ளைகள் கத்துகிறார்கள், மேளம் மேல் மேளம் ஏறுகிறது, வழக்கமான மேற்கத்தியப் பாட்டில் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் பேஸ் வரிசையும் ராகமும் ஏறக்குறைய இல்லை. தாளமே பாட்டு. மின்னணுவின் பங்கு வேறு வகையானது. நேரடி ஒலியை வெட்டுவது, ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது, சுருதி இறக்கிக் கனமாக்குவது, இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று போடுவது. பெரிய மேளக் குழுவை ஒரே கூடத்தில் பதிந்தால் ஒவ்வொரு மைக்கிலும் எல்லாக் கருவியும் கேட்கும். ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. இதைக் குறை என்று பார்ப்பார்கள் சுத்தமான ஒலிப்பதிவை விரும்புகிறவர்கள். இங்கே அதுவே வலுவானது. முழுக் கூட்டத்தையும் ஒரே கட்டியாகத் தூக்கி வெட்ட வேண்டியிருந்ததால், எங்கே வெட்டினாலும் ஊர்த் திருவிழாவின் ஒரு துண்டே கையில் வந்தது.

2006 நவம்பரில் ‘பேர்ட் ஃப்ளூ’ முதலில் வெளியே வந்தது. ரசிகர்கள் பலர் திகைத்தார்கள். ‘கலாங்’ போன்ற துள்ளல் பாட்டை எதிர்பார்த்தவர்களுக்கு இது முரட்டுச் சத்தமாக இருந்தது. அதைத்தான் முதலில் அனுப்பினார் மாயா. இந்தத் தட்டு எந்த மண்ணில் நிற்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட துணிவு அது.

தொகுப்பில் எடுத்தாளப்பட்ட பழைய பாடல்களிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ‘காட்டுக்குயிலு’ 1991-இல் இளையராஜா இசையமைத்தது. போகியும் பொங்கலுமாக ஊரே ஆடும் பாட்டு. அவர் பிறந்த பண்ணைப்புரம் அந்தக் காலத்தில் மதுரை மாவட்டம்தான். ‘திருவிழான்னு வந்தா’ 2003-இல் ஆர்.பி. பட்நாயக் இசையில் வந்தது. பெயரிலேயே திருவிழா இருக்கிறது. நான்காவது பாட்டான ‘ஜிம்மி’, 1982-இல் வந்த ‘டிஸ்கோ டான்ஸர்’ இந்திப் படத்துக்கு பப்பி லஹிரி இசையமைத்துப் பார்வதி கான் பாடிய பாட்டின் மறுவடிவம். சிறுமியாக இருந்தபோது விருந்துகளில் அந்தப் பாட்டுக்கு ஆட வைப்பாராம் அம்மா. மேற்கத்திய இசைக்காரர்கள் இந்திய ஒலியை எடுக்கும்போது சிதாரையோ சாஸ்திரிய ஆலாபனையையோ தேடுவதே வழக்கம்; தியானம், மௌனம், மலைச்சாரல் என்ற நினைப்பு. மாயா எடுத்தவை கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்டவை. ஆடுவதற்கான இசை. அகதியாகப் போன வீட்டில் மிஞ்சியிருந்த கேசட்டுகளின் இசை.

சென்னையில் பதிந்த தாளம் கடல் தாண்டியதும் இன்னொரு உறவைக் கண்டுகொண்டது. ‘பாய்ஸ்’ பாட்டில் உறுமிக்குமேல் கரீபியத் துள்ளல் ஏறுகிறது. அந்தத் துள்ளல் டிரினிடாடின் சோக்கா இசையின் நடை. 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை அந்தத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழி, ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழி. அவர்களின் பேரன்மார் இன்றும் தாசா மேளம் கொட்டுகிறார்கள். 1970-களில் லார்ட் ஷார்ட்டி என்ற பாடகர் கலிப்ஸோ இசையோடு இந்தியர்களின் டோலக் நடையைச் சேர்த்துப் பார்த்தபோது சோக்கா பிறந்தது. ஆகவே உறுமியும் சோக்காவும் ‘பாய்ஸ்’ பாட்டில் பொருந்தி உட்கார்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கரும்புத் தோட்டத்துக்குப் போன தாளத்தைத் தேடி, நூறு வருடம் கழித்து ஊரிலிருந்து இன்னொரு தாளம் போயிருக்கிறது. பாட்டின் படத்தை ஜமைக்காவின் கிங்ஸ்டனில் எடுத்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் இன்னொரு சேர்க்கை. டார்லிங் ஆற்றங்கரையின் வில்கானியா ஊரைச் சேர்ந்த பழங்குடிச் சிறுவர்கள் 2002-இல் ஆற்றில் மீன்பிடிப்பதையும் குதிப்பதையும் ராப் பாட்டாகப் பாடியிருந்தார்கள், பின்னணியில் டிஜிரிடூ என்ற ஊதுகருவி. அதன்மேல் மாயா தன் வரிகளைச் சேர்த்து ‘மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்’ ஆக்கினார். ‘ஹஸ்ஸல்’ பாட்டில் நைஜீரிய வம்சாவளி லண்டன் இளைஞர் ஆஃப்ரிக்கன் பாய் தன் குரலிலேயே ராப் பாடுகிறார். இவர்களில் யாரும் வேடிக்கைப் பொருளாக வரவில்லை. அவரவர் உச்சரிப்பில், அவரவர் கதையைச் சொல்கிறார்கள்.

விசா மறுப்பு தொகுப்பின் பாதையை மாற்றியதோடு நிற்கவில்லை. நேராகப் பாட்டாகவும் வந்தது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ அதுதான். தி கிளாஷ் என்ற ஆங்கிலேயக் குழு 1982-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டின் இசைத்துண்டு அடியில் ஓடுகிறது. அதுவும் குடியேறிகளைப் பற்றிய பாட்டே. லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதிச் சிறுவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். துப்பாக்கி வெடிக்கும் ஒலியும் கல்லாப்பெட்டி திறக்கும் ஒலியும் தாளமாக வருகின்றன. குடியேறிகள் திருட வந்தவர்கள், ஆபத்தானவர்கள் என்று நினைக்கும் மனத்துக்கு அந்த நினைப்பையே தாளமாக்கித் திருப்பிக் கொடுக்கும் பாட்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் பாடியபோது வெடிச்சத்தத்தை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் 2008-இல் அது பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி பரிந்துரையும் பெற்றது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் ஒலித்தது. அதே படத்துக்கு ரஹ்மானோடு சேர்ந்து மாயா பாடிய ‘ஓ ஸாயா’ ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 2009 பிப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிராமி மேடையில் நின்றபோது இலங்கையின் வன்னியில் போரின் கடைசி மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கிடைத்த ஒவ்வொரு மைக்கிலும் அங்கே சிக்கிய தமிழ் மக்களைப் பற்றிப் பேசினார். அதற்காக அமெரிக்க ஊடகங்களில் ஏச்சும் வாங்கினார்.

தொடக்கத்தில் கனவு கண்ட டிம்பலாண்ட் என்ன ஆனார்? ‘கம் அரௌண்ட்’ என்ற ஒரே பாட்டில், தொகுப்பின் கடைசியில் வருகிறார். நன்றாகச் செய்த பாட்டுதான். ஆனால் மற்றப் பதினொன்றோடு சேர்த்துக் கேட்டால், வாசல் திறந்திருந்தால் முழுத் தட்டும் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. இசைத் தொழிலின் மையத்தில் செய்த இன்னொரு தட்டாக இருந்திருக்கும். உறுமி வந்திருக்காது.

தாயின் பெயரை ஏன் வைத்தார்? முதல் தட்டு தந்தையுடையது, ஆண்மைத் தன்மை கொண்டது. இரண்டாவது அம்மாவுடையது என்று மாயாவே சொல்லியிருக்கிறார். கேட்டால் அது புரிகிறது. ‘அருளர்’ முழக்கம் போடும் தட்டு. ‘கலா’ பிழைத்திருத்தலைப் பாடும் தட்டு. வேலை தேடுவது, பொருள் விற்பது, எல்லை கடப்பது, பிள்ளைகளோடு ஆடுவது. போராட்டத்துக்குப் போனவரின் பெயர் வரலாற்றில் ஏறும். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மூன்று நாடு மாறி, ஊசியும் நூலுமாக அவர்களைக் கரையேற்றியவரின் பெயரை எழுதி வைக்க ஆளில்லை. மகள் எழுதி வைத்தார்.

பெயர் எழுதுவது என்ற இந்த விஷயத்தில்தான் எனக்குச் சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. தொகுப்பு வந்த புதிதில் அதன் ஒலிக்கெல்லாம் மூலகர்த்தா டிப்ளோ என்ற அமெரிக்க இசையமைப்பாளரே என்பதுபோலப் பலர் எழுதினார்கள். அவர் சில பாடல்களில் மட்டுமே பங்கெடுத்தவர். தொகுப்பின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் மாயாவும் ஸ்விட்ச்சும். ஒரு பெண் தானே ஊர் ஊராகப் போய்ப் பதிந்து, வெட்டி, சேர்த்துச் செய்த வேலையை ஓர் ஆணின் கணக்கில் எழுதுவதை மாயா 2007-லேயே வெளிப்படையாக எதிர்த்தார். அவர் எதிர்த்தது நியாயம். அதே நியாயத்தை ஒரு படி கீழேயும் கொண்டுபோக வேண்டும். நான் படித்த விமர்சனங்களில் மாயா, ஸ்விட்ச், டிப்ளோ, டிம்பலாண்ட் என்று பெயர்கள் வரும். உறுமி வாசித்தவர்கள் மட்டும் ‘தமிழ்நாட்டுத் தாளக்காரர்கள்’ என்ற பொதுச்சொல்லாக நிற்பார்கள். எந்த ஊர், யாரிடம் கற்றார்கள், எந்த நடையை வாசித்தார்கள் என்று கேட்டவர் இல்லை.

இது லண்டன் செய்த பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. நாமும் அப்படித்தான் இருந்திருக்கிறோம். உறுமியும் பறையும் சபாக்களுக்குள் வர எத்தனை காலம் ஆனது! எழவுக்கும் திருவிழாவுக்கும் அழைப்போம். வாசித்து முடித்ததும் பந்தலுக்கு வெளியே நிற்க வைப்போம். சாதி கருவியின் தலையிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. ‘கலா’ வெளிவந்த அதே 2007-இல் ‘சென்னை சங்கமம்’ விழா தொடங்கி, கிராமத்து ஆட்டக்காரர்களும் மேளக்காரர்களும் தலைநகரின் பூங்காக்களில் பெயரோடு மேடையேறினார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் ஒரே வருடத்தில் இந்தத் தோலொலி இரண்டு வாசல்களைக் கடந்தது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இன்று வில்லாபுரத்தில் ஒரு கல்லூரிப் பையனோ பெண்ணோ பாட்டு அடுக்க ஆசைப்பட்டால் 505 பெட்டியை இரவல் வாங்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் போனில் பதினாறு கட்டம் இருக்கிறது. பதிவுக்கு மைக் இருக்கிறது. வெட்டவும் ஒட்டவும் இலவச செயலிகள் இருக்கின்றன. பலர் செய்துகொண்டும் இருக்கிறார்கள். ஆனால் தாளம் வேண்டுமென்றால் இணையத்தில் யாரோ எந்த நாட்டிலோ பதிந்து விற்கும் ஒலித்தொகுப்பை இறக்குகிறார்கள். ‘இந்திய டிரம்ஸ்’ என்ற பெயரில் அதில் இருப்பது பெரும்பாலும் தபலாவும் டோலக்கும். ரெண்டு தெரு தள்ளி உறுமி செட்டுக்காரர் வீடு இருக்கும். அவரிடம் போய் உட்கார வேண்டும். எந்த நடை எந்தச் சாமிக்கு, எது ஊர்வலத்துக்கு, எதை எழவில் மட்டும் வாசிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அனுமதி கேட்டு, உரிய கூலி கொடுத்து, மைக்கை நல்ல தூரத்தில் வைத்துப் பதிய வேண்டும். அடிகளைக் கட்டத்துக்குள் தள்ளி நேராக்காமல், அந்த விலகலோடேயே பாட்டைக் கட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கோ ஒரு தூதரகத்தில் விழுந்த மறுப்பு முத்திரை, அகதிப் பெண் ஒருத்தியை இந்தச் சத்தத்திடம் திருப்பி அனுப்பியது. நமக்கு அப்படி ஒரு மறுப்பு தேவையில்லை. நாம் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறோம். ‘கலா’ காட்டிய வழியில் போகிறவர்கள் அது விட்டுவைத்த வேலையையும் செய்யட்டும்: பாட்டு வெளியாகும்போது இசையமைத்தவர் பெயருக்குப் பக்கத்திலேயே, உறுமி வாசித்தவரின் பெயரையும் அவர் ஊரையும் எழுதுங்கள்.